ஒற்றைக் கோடு

காவேரிப்பட்டணம் ரோட்டில் பழ லாரிகள்
ராத்திரியெல்லாம் வரிசை கட்டி நிற்கிற மாதம்.
பெங்களூரா டன் என்ன விலையென்று
தூங்குகிற டிரைவருக்கும் தெரியும்.

என் வேலை வெப்பம் எழுதுவது.
கோட்டுப் பையில் கம்பி முனை வைத்த தெர்மாமீட்டர்,
கையில் பச்சை அட்டை ரிஜிஸ்டர்.
அரை மணிக்கொரு தரம் கூழைத் தொட்டு
நேரம், பேட்ச் எண், வெப்பம், பிரிக்ஸ், முடிவு, கையெழுத்து.
தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே இறங்கினால் மணியடிக்கும்.
தொண்ணூற்றாறைத் தாண்டினாலும் ஆள் ஓடி வரும்:
நிறம் கறுத்துவிடுமாம், வாசனை போய்விடுமாம்.

கூழுக்கு அவ்வளவு பூஞ்சையான உடம்பு.

தோல் சீவும் மேடை ஆவிக்குழாய்க்குப் பக்கத்தில்.
மேலே தகரம்.
நாற்பது பேர். தலைக்கு வலை, வாய்க்குத் துணி,
முழங்கை வரை உறை, பிளாஸ்டிக் ஏப்ரன், ரப்பர் பூட்ஸ்.
வேர்வை ஒரு சொட்டு பழத்தில் விழக்கூடாது என்று
சுவரில் படம் போட்டு எழுதியிருக்கிறது.
எங்கே விழலாம் என்று எழுதவில்லை.
அது பூட்ஸுக்குள் இறங்குகிறது.
ஷிஃப்ட் முடிந்து கவிழ்த்தால் அரை டம்ளர் தேறும்
என்பாள் கெம்பம்மா.
"இதையும் டின்ல அடைங்கடி."

தண்ணீர் கேன் இல்லையென்று சொல்ல முடியாது.
மூலையில் இருக்கிறது. நிறைந்தே இருக்கிறது.
மே மாதத்தில் குறையாத கேனைப் பார்த்து
வெகுநாள் வியந்துகொண்டிருந்தேன், படித்தவள்.
குடித்தால் போகவேண்டும்.
போவதற்கு டோக்கன், மேடைக்கு ஒன்று.
பாய்லருக்குப் பின்னால் ரெண்டே ரெண்டு கதவு,
ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
அதனால் போச்சம்பள்ளியில் வேன் ஏறும்போதே
வாயைக் கட்டிவிடுகிறார்கள்.
நீர்க்கடுப்பு என்று ஒருத்தி சொன்னால்
"எனக்குப் போன சீசன்லேருந்து" என்பாள் அடுத்தவள்,
ஊருக்கு வந்த சம்பந்தி பற்றிச் சொல்வதுபோல.

அன்றைக்கு இரண்டேகால் மணி.
கெம்பம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.
பத்திரமாக, கூர்முனை யாரையும் பார்க்காமல்.
"யாரு வாசல்ல மாட்டைக் கட்டினது?" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
நின்ற மேனிக்கு மடங்கினாள்.
அந்த ஆவியில், அந்த ஏப்ரனுக்குள்,
தோல் அப்பளம்போல் காய்ந்திருந்தது.

என்னிடம் இருந்தது அந்த ஒரு கருவிதான்.
கம்பியைக் கோட்டில் துடைத்து அக்குளில் வைத்தேன்.
நாற்பது புள்ளி ஆறு.
அதைக் காற்றில் நீட்டிப் பார்க்க
இத்தனை நாளில் ஒருமுறைகூடத் தோன்றவில்லையே.
நீட்டினேன். நாற்பத்து மூன்று.

கூழைக் குளிரவைக்க எங்களிடம் இயந்திரம் உண்டு.
தொண்ணூற்று நான்கிலிருந்து முப்பத்தைந்துக்கு
நிமிடக் கணக்கில் இறக்கிவிடும்.
கெம்பம்மாவை நாலு பேர் தூக்கினோம், குளிர்க் கிடங்குக்கு.
செக்யூரிட்டி பாஸ் கேட்டான்.
பவுனேஸ்வரி பார்த்த பார்வையில் கதவைத் தானே திறந்தான்.
ஏற்றுமதி டிரம்களுக்கு நடுவே
ஈரச் சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம்.
ஆம்புலன்ஸ் வரும்வரை
குளிர்காற்று டிரம்முக்கும் அவளுக்கும் பொதுவாக அடித்தது.

கிருஷ்ணகிரியில் பார்த்து தர்மபுரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.
பதினோரு நாள். உயிர் தங்கியது.
சிறுநீரகம் பற்றி டாக்டர் அவள் தம்பியிடம் மட்டும் பேசினார்.

ரிஜிஸ்டரை அன்று சாயங்காலம்தான் எழுதினேன்.
மணி 2.15. பேட்ச் எண்: கெம்பம்மா.
வெப்பம்: 40.6. பிரிக்ஸ் கட்டம் காலி.
முடிவு: நிறுத்திவைக்கப்பட்டது.

சென்னகிருஷ்ணன் சார் மறுநாள் கூப்பிட்டார்.
திட்டவில்லை. அவருக்கும் காலர் நனைந்திருந்தது.
"ஆடிட் வருது பாப்பா. அந்த வரியை அடிச்சிடு."

வெள்ளை மை தடவக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது,
ஒற்றைக் கோடு; அடியில் இருப்பது படிக்கத் தெரியணும்,
பக்கத்தில் இனிஷியல், தேதி.
சேர்ந்த அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஸ்கேல் வைத்து அடித்தேன்.
கெம்பம்மாவின் இரண்டு புள்ளிகளும்
கோட்டுக்கு மேலே நின்றன.